ஆக்சிஜன் சென்சார் மாத்தியும் செக் எஞ்சின் லைட் திரும்பத் திரும்ப எரியுது (பி0135)

கேள்வி:
2014 மாடல் பெட்ரோல் கார், 4 சிலிண்டர். செக் எஞ்சின் லைட் எரிஞ்சது, ஸ்கேனர்ல பி0135ங்கிற எர்ரர் கோடு வந்தது. மேனிஃபோல்டு (எஞ்சின்லேர்ந்து புகை வெளிய வர்ற குழாய்) பக்கம் இருக்கிற ஆக்சிஜன் சென்சாரைப் புதுசா மாத்தி கோடையும் அழிச்சாச்சு. ரெண்டே நாள்ல அதே கோடு திரும்ப வந்துடுச்சு. இழுவையில குறை இல்ல, மைலேஜ் மட்டும் கொஞ்சம் அடி வாங்குது. ஒர்க்‌ஷாப்ல ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) போயிருக்கும்னு சொல்றாங்க. அதுல கை வைக்கிறதுக்கு முன்னாடி வேற என்ன பார்க்கலாம்? மல்டிமீட்டர் இருக்கு.

பதில் 1:
ஈசியூவை இப்போதைக்குத் தொடாதீங்க. பி0135 சென்சாரோட சிக்னலைப் பத்தின கோடே இல்ல, அதுக்குள்ள இருக்கிற ஹீட்டரோட சர்க்யூட்டைப் பத்தினது. சுமார் 300 டிகிரி சூடு ஏறினாத்தான் இந்த சென்சார் ஒழுங்கா வோல்டேஜ் கொடுக்கும். சைலன்சர் சூடாகிற வரைக்கும் காத்திருக்காம சீக்கிரம் வேலைக்கு வரத்தான் ஹீட்டர். அது வேலை செய்யலைன்னா ஈசியூ ரொம்ப நேரம் சென்சாரைப் பார்க்காமலே பெட்ரோல் அளக்கும். உங்க மைலேஜ் குறையறது அதனாலதான் இருக்கணும்.

பெரும்பாலான வண்டியில ரிலே, ஃபியூஸ் வழியா 12 வோல்ட் ஹீட்டருக்கு வரும். எர்த் பக்கத்தை ஈசியூ ஆன், ஆஃப் பண்ணும். அதனால முதல்ல ஃபியூஸ். கண்ணால பார்த்தா போதாது, கழட்டி மீட்டர்ல கன்டினியூட்டி (உள்ள அறுபடாம இருக்கான்னு) வச்சுப் பாருங்க.

அடுத்து, எஞ்சின் ஆறினதும் கனெக்டரைப் பிரிச்சு, சென்சார் பக்கம் ஒரே கலர்ல இருக்கிற ரெண்டு வயருக்கு நடுவுல ஓம் அளங்க. சாதாரண நாலு வயர் சென்சார்ல 4-லிருந்து 15 ஓமுக்குள்ள வரும். மீட்டர் ஒண்ணுமே காட்டலைன்னா ஹீட்டர் கட். பூஜ்யத்துக்குப் பக்கம்னா ஷார்ட், ஃபியூஸை அதுதான் அடிச்சிருக்கும்.

பதில் 2:
மேல சொன்னது சரி. ஆனா வாங்கின சென்சாரையும் சந்தேகப்படணும். சில வண்டியில மேனிஃபோல்டு பக்கம் இருக்கிறது ஏர் ஃபியூல் சென்சார், காத்து-பெட்ரோல் விகிதத்தை அளக்கிற வேற வகை. அதோட ஹீட்டர் 2, 3 ஓம்தான் இருக்கும். மரை ஒண்ணு, கனெக்டரும் சில நேரம் பொருந்திடும், ஆனா ஈசியூ எதிர்பார்க்கிற கரண்ட் வராது. பார்ட்டே புதுசா இருந்தாலும் கோடு வரும். பழைய சென்சார் மேல இருக்கிற நம்பரோட ஒத்துப் பாருங்க.

வயரை வெட்டி ஒட்டுற யுனிவர்சல் சென்சார்னா ஜாயின்ட்டை சால்டர் பண்ணியிருக்காங்களான்னு பாருங்க. நிறைய சென்சார் வெளிக்காத்தை வயருக்குள்ள இருக்கிற இடைவெளி வழியாத்தான் இழுக்கும். ஈயம் அதை அடைச்சிடும், அப்புறம் சிக்னலே தப்பா வரும். கிரிம்ப் பண்ற ஸ்லீவ்தான் சரி. கனெக்டருக்குள்ள கிரீஸ் வைக்கிற பழக்கமும் இங்க கூடாது.

கேட்டவர்:
ஃபியூஸ் நல்லா இருக்கு. பார்ட் நம்பர் ஒத்துப்போகுது. சென்சார் ஹீட்டர் 6 ஓம். சாவி ஆன்ல வண்டி பக்கக் கனெக்டர்ல 12.3 வோல்ட் வருது. அப்போ சப்ளை சரிதானே, ஈசியூதானா?

பதில் 1:
இன்னும் சொல்ல முடியாது. பத்து இழையில ஒன்பது அறுந்து ஒண்ணு மட்டும் ஒட்டிட்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏன்னா மீட்டர் கரண்டே இழுக்காது. உங்க ஹீட்டரோ ஆறின நிலையில 2 ஆம்பியர் கேக்கும். லோடு போட்டுத்தான் பார்க்கணும்.

21 வாட் இண்டிகேட்டர் பல்ப் ஒண்ணை எடுத்து, ஒரு முனையை அந்த 12 வோல்ட் பின்லயும் இன்னொரு முனையை நேரா பேட்டரி மைனஸ்லயும் வைங்க. பளிச்சுன்னு எரிஞ்சா சப்ளை சரி. மங்கலா எரிஞ்சா, பல்ப் எரியும்போதே பேட்டரி பிளஸ்ஸுக்கும் அந்தப் பின்னுக்கும் நடுவுல அளங்க. அரை வோல்ட்டுக்கு மேல இருந்தா வழியில எங்கயோ விழுங்குது. மேனிஃபோல்டு ஓரமா போற இடத்துல உறை உருகியிருக்கா, பின்ல பச்சை பூத்திருக்கா, பெண் பின் அகண்டு லூஸா நிக்குதான்னு பாருங்க.

சப்ளை சரின்னா, பேட்டரி மைனஸைக் கழட்டிட்டு ஈசியூ பக்க வயருக்கு கன்டினியூட்டி பாருங்க. அதுவும் சரியா இருந்தாத்தான் ஈசியூ பேச்சு. அந்த வயருக்கு மட்டும் நேரா 12 வோல்ட் கொடுத்துடாதீங்க; ஈசியூவுக்குள்ள ஹீட்டரை ஆன், ஆஃப் பண்ற டிரைவர் சர்க்யூட் போயிடும்.

கேட்டவர்:
பல்ப் மங்கல்தான்! 3 வோல்ட்டுக்கு மேல விழுது. கனெக்டருக்கு ஒரு சாண் முன்னாடி உறை கருகி, உள்ள தாமிரம் பச்சையா உதிருது.

பதில் 2:
அப்போ ஆள் கிடைச்சாச்சு. பச்சை போய் பளபளக்கிற தாமிரம் வர்ற வரைக்கும் வெட்டி, அதே கனத்துல புது வயர் சேருங்க. இது வண்டி பக்க சப்ளை வயர், இங்க சால்டர் தாராளமா பண்ணலாம். மேல ஹீட் ஷ்ரிங்க், அதுக்கு மேல ஃபைபர் கிளாஸ் ஸ்லீவ். முக்கியமா, அந்த வயரை மேனிஃபோல்டை விட்டுத் தள்ளி கிளிப் பண்ணுங்க. இல்லேன்னா அடுத்த வெயில்ல இதே கதைதான்.

கோடை ஸ்கேனர்லயே அழிங்க. பேட்டரியைக் கழட்டி அழிச்சா ஈசியூ கத்துவச்ச ஐடில் அளவும் சேர்ந்து போகும். ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலைல ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச தூரம் ஓட்டிட்டு பெண்டிங் கோடைப் (லைட் எரியறதுக்கு முன்னாடியே ஈசியூ குறிச்சு வைக்கிற கோடு) பாருங்க. நிறைய வண்டியில அடுத்தடுத்து ரெண்டு ஓட்டத்துல தப்பு வந்தாத்தான் லைட் எரியும். லைட் எரியலைங்கிறதை மட்டும் நம்பாம, மறுநாளும் அதே மாதிரி ஒரு தடவை பார்த்துடுங்க.