கேஅட்மின்.லோக்கலுக்குத் தடை: பாதுகாப்பா, பாசாங்கா?

நள்ளிரவுப்பணி:
எங்களிடம் எம்ஐடி கெர்பரோஸ் (பயனர் யாரென்று உறுதிசெய்து, சேவைகளுக்கான டிக்கெட் கொடுக்கும் மென்பொருள்) ஓடுகிறது. முதன்மை கேடிசி (டிக்கெட் கொடுக்கும் சர்வர்) ஒன்று, நகல் சர்வர்கள் இரண்டு, கணக்குகளும் சாவிகளும் இருக்கும் தரவுத்தளம் வழக்கமான டிபி2 வகை. கணக்குச் சேர்ப்பது, சாவி மாற்றுவது, காப்புநகல் எடுப்பது எல்லாவற்றையும் முதன்மை சர்வரில் ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள பயனராக) நுழைந்து கட்டளை வரியிலேயே செய்துவருகிறோம். இப்போது பாதுகாப்புக் குழு ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அந்த சர்வருக்குள் இனி யாரும் நுழையக்கூடாதாம். அங்கேயே ஓடி தரவுத்தளத்தை நேராக மாற்றும் கேஅட்மின்.லோக்கல் நிரல் அடியோடு கூடாதாம். எந்த மாற்றமானாலும் அவரவர் நிர்வாகக் கணக்கில், நெட்வொர்க் வழியாக, கேஅட்மின் மூலமே செய்ய வேண்டுமாம். கேடிபி5_யூட்டில் என்ற தரவுத்தளக் கருவி கொண்டு டம்ப் (தரவுத்தளத்தின் நகல் கோப்பு) எடுப்பதற்குப் பதில் வட்டின் ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்து நிலையின் நகல்) போதுமாம். இது சரிதானா? மறுத்துப் பேசுவதென்றால் எதை வைத்துப் பேசுவது?

சாவிக்கொத்து:
மறுக்காதீர்கள். ஸ்னாப்ஷாட் விஷயத்தைத் தவிர மற்றதெல்லாம் நியாயம்.

கேஅட்மின்.லோக்கலைத் தொடங்கினால் பல பதிப்புகளில் முதலில் வரும் வரியைப் பார்த்திருப்பீர்கள்: "ரூட்/அட்மின் என்ற கணக்காகக் கடவுச்சொல்லுடன் உறுதிப்படுத்துகிறேன்" என்ற பொருளில் ஒரு வரி. கடவுச்சொல்லை அது கேட்பதே இல்லை. தரவுத்தளக் கோப்பை நேராகத் திறந்துவிடுகிறது. கேஅட்மினின் கோரிக்கைகளை ஏற்கும் சேவையான கேஅட்மின்டி நடுவில் இல்லாததால் அனுமதிப் பட்டியல் பார்க்கப்படுவதில்லை, அதன் பதிவேட்டில் ஒரு வரியும் விழுவதில்லை. கணக்கில் "கடைசியாக மாற்றியவர்" என்று ஒரு பெயர் நிற்கிறதே, அதையாவது நம்பலாமா? டிக்கெட் சேமிப்பில் இருக்கும் பெயரையோ சூழல் மாறியில் இருக்கும் பயனர் பெயரையோ எடுத்து, பின்னால் அட்மின் என்று ஒட்டிவிடுகிறது. -பி விருப்பத்தில் யார் பெயரைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறது. ஓர் ஊழியரின் கணக்கை நேற்று யார் முடக்கினார்கள் என்று தணிக்கையாளர் கேட்டால், உங்களிடம் இருப்பது அந்தப் பெயர் மட்டும்தான்.

கருந்திரை:
அழகான வாதம், தவறான முடிவு. அந்த சர்வரில் ரூட்டாக இருப்பவர் கையில் தரவுத்தளக் கோப்பும் இருக்கிறது, மற்றச் சாவிகளையெல்லாம் மறையாக்கும் முதன்மைச் சாவி உள்ள ஸ்டாஷ் கோப்பும் இருக்கிறது. இரண்டையும் நகலெடுத்து வேறு இயந்திரத்தில் வைத்து, உங்கள் தடைக்கு அப்பால் நிம்மதியாக வேலை பார்க்கலாம். ஒரு நிரலின் பெயரைத் தடைப் பட்டியலில் எழுதுவது, சுவரில்லாத வீட்டுக்குக் கதவு போட்டுப் பூட்டுவதுதான். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: அங்கே ரூட் யார் யாருக்கு?

மேலும், நெட்வொர்க் கேஅட்மினால் செய்யவே முடியாத வேலைகள் இருக்கின்றன. முதல் நிர்வாகக் கணக்கை எதைக் கொண்டு உருவாக்கினீர்கள்? கேஅட்மின்டி எழ மறுக்கும்போது எதைக் கொண்டு பார்ப்பீர்கள்? கணக்கின் சாவியை வெளியே எடுக்கவிடாமல் பூட்டும் லாக்டவுன்_கீஸ் பண்பை நெட்வொர்க் வழியாக வைக்கலாம்; நீக்க வேண்டுமென்றால் கேஅட்மின்.லோக்கல் ஒன்றுதான் வழி. இந்த நிரலை எழுதியவர்களே அதற்கென ஓர் இடத்தை ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். சுற்றறிக்கை எழுதியவர் கையேட்டைப் புரட்டியிருக்கலாம்.

சாவிக்கொத்து:
கெட்ட எண்ணத்தோடு வரும் ரூட்டை எந்தத் தடையும் நிறுத்தாது. அதை யார் மறுத்தார்கள்? நான் பேசுவது நல்ல எண்ணத்தோடு அவசரமாக வேலை செய்பவரைப் பற்றி. அவர் -பிடபிள்யூ என்று போட்டுக் கடவுச்சொல்லையும் அதே வரியில் எழுதுகிறார். அது ஷெல்லின் வரலாற்றுக் கோப்பில் தங்கிவிடுகிறது; ஓடும் கணத்தில் செயல்முறைப் பட்டியலிலும் தெரிகிறது. சேவைக் கணக்குக்கு -ரேண்ட்கீ (தானாக ஒரு சாவியை உருவாக்கும் விருப்பம்) போட்டால் கடவுச்சொல்லே தேவையில்லை, ஆனால் பழக்கம் விடுவதில்லை.

கீடேப் (சேவை தன் சாவியை வைத்திருக்கும் கோப்பு) எடுக்கும்போது சாவி மாறிவிடும், பழைய சாவியை அப்படியே எடுக்க லோக்கல் வேண்டும் என்று அடுத்து சொல்வீர்கள். இப்போதைய பதிப்புகளில் அனுமதிப் பட்டியலில் "ஈ" என்ற உரிமையைக் கொடுத்தால் நெட்வொர்க் வழியாகவே சாவி மாறாமல் எடுக்கலாம். நட்சத்திரக் குறி போட்டு எல்லா உரிமையும் கொடுத்தாலும் இந்த ஒன்று அதில் அடங்காது, தனியாகத்தான் கொடுக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு என்று இப்படி அளந்து கொடுக்கும் வசதி உங்கள் லோக்கலில் எங்கே இருக்கிறது?

குறுக்குச்சால்:
இவ்வளவு சண்டை எதற்கு? கெர்பரோஸையும் உள்ளடக்கிய ஃப்ரீஐபிஏ தொகுப்புக்கு மாறிவிடுங்கள். உலாவியில் நாலு கிளிக், வேலை முடிந்தது.

கருந்திரை:
மாறினால் வேலை முடியாது, வேறு வேலை தொடங்கும். அங்கே கணக்குகள் 389 டைரக்டரி சர்வர் என்ற வேறு மென்பொருளில் எல்டாப் (பயனர் விவரக் கோப்பக) பதிவுகளாக இருக்கும். கேஅட்மினால் கணக்குச் சேர்க்காதீர்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். காப்புநகலுக்குத் தனிக் கட்டளை இருக்கிறது. நல்ல மென்பொருள்தான். இவர் கேட்டது அதுவல்ல.

பழங்கணக்கு:
எல்லோரும் லோக்கலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அந்தச் சுற்றறிக்கையில் ஆபத்தான வரி ஸ்னாப்ஷாட்தான்.

டிபி2-வில் பரிவர்த்தனைப் பதிவேடு கிடையாது. எழுதும் நடுவில் கோப்பை நகலெடுத்தால் பாதி பழையது, பாதி புதியது என்று கையில் வரலாம். "இரவில் யாரும் கணக்குச் சேர்ப்பதில்லையே" என்பார்கள். கணக்குச் சேர்த்தால்தான் எழுதும் என்று யார் சொன்னது? முன்உறுதிப்பாடு (டிக்கெட் பெறும் முன்பே கடவுச்சொல் தெரியும் என்று காட்டுவது) கட்டாயமான கணக்குகளுக்குக் கடைசி வெற்றி நேரம், தோல்வி எண்ணிக்கை ஆகியவற்றை கேடிசியே எழுதுகிறது. அமைப்பில் அதை அணைத்திருந்தால் ஒழிய. கடவுச்சொல் கொள்கைகள் வேறு தனிக் கோப்பில் இருக்கின்றன. 2019-இல் வந்த 1.17 பதிப்பின் எல்எம்டிபி என்ற தரவுத்தள வகைக்கு மாறியிருந்தால் ஸ்னாப்ஷாட் பற்றி இவ்வளவு பயம் வேண்டாம். இவர் மாறவில்லை.

டம்ப் என்பது வெறும் உரைக் கோப்பு. முதல் வரியில் பதிப்பு எண், அதன் கீழே கணக்குக்கு ஒரு வரி, கொள்கைக்கு ஒரு வரி. சாவிகள் முதன்மைச் சாவியால் மறையாக்கப்பட்டே அதில் இருக்கும். அதனால் ஸ்டாஷ் கோப்போ முதன்மைக் கடவுச்சொல்லோ இல்லாமல் டம்ப் மட்டும் இருந்தால் உங்களுக்கே அது உதவாது. இரண்டையும் ஒரே இடத்தில் போட்டுவைத்தால் திருடனுக்கு நன்றாக உதவும். தனித்தனியாக வையுங்கள். நகல் சர்வர் இருக்கிறதே, காப்புநகல் எதற்கு என்றும் யாராவது கேட்பார்கள். தவறாக நீக்கிய கணக்கு அடுத்த பரவலில் (முதன்மையின் தரவு நகலுக்குப் போகும்போது) அங்கேயும் நீங்கிவிடும்.

ஆனால் கட்டளை வரிக்காரர்களும் துள்ள வேண்டாம். உண்மையில் கண்டம் இருப்பது டம்ப்பைத் திரும்ப ஏற்றும் லோட் கட்டளையில். -அப்டேட் இல்லாமல் ஓட்டினால் இருக்கும் தரவுத்தளம் மொத்தமாகப் போய், டம்ப்பில் உள்ளது அந்த இடத்துக்கு வருகிறது. டம்ப் எடுத்த பிறகு மாறிய கடவுச்சொற்கள் எல்லாம் பழையபடி ஆகிவிடும். வேலையை விட்டுப் போனவரின் கணக்கு உயிர்பெற்று எழுந்துவிடும். -அப்டேட் போட்டால் தப்பிக்கலாம் என்பதும் இல்லை: டம்ப்பில் இல்லாத புதிய கணக்குகள் பிழைக்கும், அவ்வளவுதான், இருக்கும் கணக்குகளின் மேல் பழைய சாவி ஏறிவிடும், நீக்கிய கணக்கு அப்போதும் திரும்பி வரும். சேவைகளின் கதை இன்னும் மோசம். கீடேப்பில் சாவிப் பதிப்பு எண் 5, தரவுத்தளத்தில் 4 என்று நின்றால், கேடிசி 4-இல் டிக்கெட் கொடுக்கும், சேவை அதைத் திறக்க முடியாமல் விழிக்கும். பிழைச்செய்தி சேவையின் பக்கம் வருவதால் எல்லோரும் அந்த சர்வரைத்தான் குடைந்துகொண்டிருப்பார்கள்.

நள்ளிரவுப்பணி:
முதன்மைச் சாவியை மாற்றும் வேலையும் பாக்கி இருக்கிறது. எங்கள் கே/எம் (முதன்மைச் சாவி இருக்கும் கணக்கு) இன்னும் டிரிபிள் டெஸ் என்ற பழைய மறையாக்க வகை. அதை நெட்வொர்க் வழியாகச் செய்ய வழி உண்டா?

கருந்திரை:
கிடையாது. இந்தக் கேள்வியை அப்படியே பாதுகாப்புக் குழுவிடம் கேளுங்கள். டிரிபிள் டெஸ்ஸைக் கைவிடச் சொல்லும் ஆர்எஃப்சி 8429 என்ற இணையத் தர ஆவணம் வந்ததே 2018-இல். அவர்களே இதை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

முறை இது. முதன்மை சர்வரில் கேடிபி5_யூட்டில் ஆட்_எம்கீ -எஸ். புதிய சாவி 2 என்ற எண்ணோடு சேரும், ஆனால் இன்னும் நடைமுறைக்கு வராது. தரவுத்தளத்தை நகல் சர்வர்களுக்குப் பரப்புங்கள். ஒவ்வொரு நகலிலும் லிஸ்ட்_எம்கீஸ் போட்டுப் புதிய சாவி வந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துவிட்டு, ஸ்டாஷ் கட்டளையை ஓட்டுங்கள். அதன் பிறகே முதன்மையில் யூஸ்_எம்கீ 2. அடுத்து அப்டேட்_பிரின்ஸ்_என்க்ரிப்ஷன், எல்லாக் கணக்குகளின் சாவிகளையும் புதியதால் மறையாக்கிவிடும். பெரிய டிபி2 தரவுத்தளமாக இருந்தால் அது ஓடும்வரை முதன்மை கேடிசி பதில் சொல்லாது. பயனர்கள் நகல்களுக்குப் போய்விடுவார்கள். 1.13 முதல் அன்லாக்இடர் என்ற அமைப்பைப் போட்டு அதையும் தவிர்க்கலாம். மறுபடி பரப்புங்கள். கடைசியாகத்தான் பழைய முதன்மைச் சாவியை நீக்கும் பர்ஜ்_எம்கீஸ், அதையும் முதலில் -என் போட்டு ஒத்திகை பாருங்கள்.

சாவிக்கொத்து:
முறை சரி. பழைய டம்ப்கள் பழைய சாவியில் இருக்கின்றன என்பதை விட்டுவிட்டீர்கள். பழைய ஸ்டாஷ் கோப்பை அழித்துவிட்டுப் போன மாதத்து டம்ப்பைத் தேடி ஓட வேண்டாம். பர்ஜ் முடிந்ததும் புதிய டம்ப் எடுங்கள். பழையதை வைத்திருக்கும்வரை அதற்குரிய சாவியும் இருக்கட்டும்.

என் நிலை மாறவில்லை. முதன்மைச் சாவி மாற்றம், மீட்பு, லாக்டவுன் நீக்கம் ஆகியவற்றுக்கு சர்வருக்குள் போகட்டும், இரண்டாமவர் உடனிருக்கட்டும். கணக்குச் சேர்ப்பதும் முடக்குவதும் தினமும் நடப்பவை, அவை கேஅட்மினில்தான்.

கருந்திரை:
தினசரி வேலைக்கு கேஅட்மின் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. "அடியோடு கூடாது" என்று எழுதியிருக்கிறார்களே, அதில்தான் சண்டை. தடை போட்ட இடத்தில் யாருக்கும் பழக்கம் இருக்காது. கேஅட்மின்டி விழும் இரவில், கையேட்டை முதன்முதலாகப் படித்துக்கொண்டே ஒருவர் லோட் கட்டளையை அடிப்பார். உங்கள் தணிக்கைப் பதிவேடு அதை அழகாகப் பதிந்துகொள்ளும்.

சாவிக்கொத்து:
பழகுவதற்கு உயிருள்ள கேடிசிதான் வேண்டுமா?

பழங்கணக்கு:
வேண்டாம். நெட்வொர்க்கில் இணைக்காத ஒரு சோதனை இயந்திரத்தில் வாரம் ஒரு டம்ப்பை ஏற்றி, சில கணக்குகளைத் திறந்து சாவிப் பதிப்பு எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். காப்புநகலுக்கும் சோதனை, கைக்கும் பழக்கம். முடிந்ததும் டெஸ்ட்ராய் கட்டளையால் தரவுத்தளத்தையும், தனியாக ஸ்டாஷ் கோப்பையும் அழித்துவிடுங்கள்.

நள்ளிரவுப்பணி:
நன்றி. "அடியோடு" என்ற சொல்லை எடுக்கச் சொல்லியும், ஸ்னாப்ஷாட் வரியை நீக்கச் சொல்லியும் எழுதுகிறேன். சாவி மாற்றத்துக்கான தேதியையும் அவர்களையே குறிக்கச் சொல்கிறேன்.

சாவிக்கொத்து:
டெஸ்ட்ராய் அடிக்கும் முன் அந்த முனையம் எந்த இயந்திரத்தினுடையது என்று ஒருமுறை பாருங்கள். -எஃப் மட்டும் போடவே போடாதீர்கள், "நிச்சயமா?" என்று அது கேட்கட்டும்.