நேர்சிங் ஹோமில் அம்மாவைத் தண்ணியில் கழுவிவிடச் சொல்லிக் கேட்கலாமா?

அம்மா கனடாவில், ஸ்காபரோவில் ஒரு நேர்சிங் ஹோமில் இருக்கிறா. ஒருவர் பிடித்துவிட்டால் கொமட்டில் இருப்பா. கவனிப்பு நல்லதுதான், ஆனால் போய் முடிந்ததும் வைப்ஸால் துடைத்துப் பம்பர்ஸை இழுத்துவிடுகிறார்கள். ஆயுள் முழுக்கத் தண்ணியில் கழுவின மனுசிக்கு அது பெரிய அருவருப்பு, கக்கூசுக்குப் போகவேண்டி வருமே என்று இப்ப சாப்பாட்டையே குறைக்கிறா. கொமட்டில் இருந்தபடியே தண்ணி பீச்சிக் கழுவுகிற பிடே வாங்கிப் பூட்டலாமா?

பதில் 1
நான் பி.எஸ்.டபிள்யூ வேலை, அதாவது இப்படியானவர்களைப் பராமரிக்கிற வேலை செய்கிறேன். நீங்களாகப் போய்ப் பூட்டாதீர்கள் அக்கா, விடமாட்டார்கள். தண்ணியைத் தானே சூடாக்குகிற பிடேக்குக் கரண்ட் வேணும், பழைய கட்டடங்களில் கொமட்டுக்குப் பக்கத்தில் பிளக் இருக்காது, கைபிடி வைத்த உயர்த்திய சீற் போட்டிருந்தால் அதோடும் இது சரிவராது. அதோடு பாத்ரூமை இன்னொருவரும் பாவித்தால் தண்ணி பீச்சுகிற முனையை யார் ஒவ்வொரு தடவையும் துடைக்கிறது?

பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கிற பிதுக்குப் போத்தல் பாமசியில் கிடைக்கும். இளஞ்சூட்டுத் தண்ணி நிரப்பி, கொமட்டில் இருக்கும்போதே முன்னாலிருந்து பின்பக்கமாக ஊற்றிவிட்டு மெல்லிய துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். தேய்க்கக் கூடாது, வயதானவர்களின் தோல் சும்மா உரிந்துவிடும். ஈரத்தோடு பம்பர்ஸ் போட்டாலும் புண்தான்.

பதில் 2
வாயால் சொன்னால் அடுத்த ஷிஃப்டுக்குத் தெரியாது, அம்மாவை எப்படிக் கவனிப்பது என்று எழுதிவைக்கிற கெயார் பிளானில் எழுதவையுங்கள். இங்கே ஒன்ராறியோ மாகாணத்தில் ஆள் சேர்ந்து 6 கிழமைக்குள், கவனிப்பைப் பற்றிக் கூடிப் பேசுகிற கெயார் கொன்பரன்ஸ் வைக்கவேண்டும், பிறகு வருடத்துக்கு ஒரு தடவையாவது. "சாப்பாட்டைக் குறைக்கிறா" என்பதை அங்கே கட்டாயம் சொல்லுங்கள், பழக்கவழக்கம் என்று சொன்னால் தலையாட்டுவார்கள், சாப்பாடு குறைகிறது என்றால் பேனையை எடுத்து எழுதுவார்கள்.

பதில் 3
ஜப்பானில் டோட்டோ கம்பனி 1980இலேயே வாஷ்லெட் என்ற பிடே சீற்றை விற்கத் தொடங்கிவிட்டது. இங்கே இவ்வளவு காசு கட்டியும் வைப்ஸ்! சரி, அம்மாவுக்குச் சுகர் இருக்கா? இருந்தால் அந்த இடத்தில் சூடு உறைக்காமலும் போகலாம், போத்தலோ பிடேயோ, ஊற்றுகிறவர் முதலில் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்க்கவேண்டும்.

கேட்டவர்
சுகர் இருக்கு, அதையும் சொல்லிவைக்கிறேன். கொன்பரன்ஸ் வரும்வரை போத்தலை நானே கொண்டுபோய்க் கொடுக்கலாம்தானே?

பதில் 1
கொடுங்கள், ஆனால் நேர்ஸிடம் சொல்லிவிட்டு. இரண்டாக வாங்கி அம்மாவின் பெயரையும் அறை நம்பரையும் அழியாத மையால் எழுதுங்கள், இல்லாவிட்டால் பூக்கண்டுக்குத் தண்ணி ஊற்றப் போய்விடும்.