புது ஏர் ரைபிள்: பெல்லட்டை நானே வார்க்கலாமா, வாங்கிச் சுட்டுப் பார்ப்பதா?

காங்கேயம்_கிளுவை:

வணக்கமுங்க எல்லாருக்கும். ஊர் காங்கேயம் பக்கம், பிழைப்பு கோயம்புத்தூர் கணபதியில் உலோக அச்சு செய்கிற ஒரு டை பட்டறையில். போன மாதம் ஒரு ஏர் ரைபிள் வாங்கினேன். 0.177 அங்குல அளவு, ஸ்பிரிங் வைத்தது, பேரலை மடக்கி ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) போட்டுச் சுடுகிற வகை. உரிமம் தேவைப்படாத அளவுதான்.

சனி ஞாயிறு ஊருக்குப் போனால் தோட்டத்தில் சுடுவேன். கிணறு வெட்டிய மண் ஒரு பக்கம் மேடாகக் கிடக்கிறது, அதற்கு முன்னால் அட்டையை நிறுத்தி 20 மீட்டரில் உட்கார்ந்து சுட்டால் அஞ்சு பெல்லட்டும் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறுகிறது. துப்பாக்கியோடு கொடுத்த டப்பா பெல்லட்தான் இப்போதைக்கு. அதில் சிலது ஓட்டையில் வைத்ததும் தானாக உள்ளே வழுக்கிப் போகிறது, சிலதைக் கட்டைவிரலால் அமுக்கித்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. ஒரே டப்பாவில் இப்படி இருந்தால் என்ன செய்வது?

ஒரு வீடியோ பார்த்தேன். அமெரிக்காவில் ஒருத்தர் புதிதாக வாங்கிய ஒற்றைக் குண்டு ரைபிளுக்கு ஈயத்தை உருக்கி வார்த்து, அளவுக்கு இழுத்து, வெடிமருந்து அளந்து போட்டு, ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிச் சுட்டுக் கடைசியில் ஒரே ஓட்டை மாதிரி கொண்டுவந்துவிட்டார். நமக்கு மருந்து வேலை கிடையாது, வெறும் ஈயம்தானே. பட்டறையில் லேத் இருக்கிறது, மின்பொறியால் உலோகத்தை அரிக்கிற இடிஎம் மெஷின் இருக்கிறது, பழைய பேட்டரி ஈயமும் கிடைக்கும். நானே அச்சுப் போட்டு வார்த்தால் என்ன? இன்னொன்று, முதலில் சுட்டபோது புகை வந்து டமார் என்று சத்தம் கேட்டது, இப்போது குறைந்துவிட்டது. எண்ணெய் ஏதாவது விடணுமா? அப்பா தேங்காய் எண்ணெய் விடச் சொல்கிறார்.

சிங்கை_10மீ:

தம்பி, முதலில் அந்தப் பேட்டரி ஈயத்தைத் தொடாதீங்க. பேட்டரித் தகட்டில் ஆன்டிமணி, ஆர்சனிக், கால்சியம் எல்லாம் கலந்திருக்கும், அதை உருக்குவதிலும் அதன் கசடு ஈரம் படுவதிலும் கிளம்புகிற வாயு ஆளைக் கொல்லக்கூடியது. அமெரிக்காவில் வருஷக்கணக்கில் குண்டு வார்க்கிறவர்களே பேட்டரி ஈயம் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.

அடுத்தது, ஏர் ரைபிள் பெல்லட்டை வார்ப்பதில்லை. ஈயக் கம்பியைத் துண்டு போட்டு டையில் வைத்து அழுத்தி எடுக்கிறார்கள். நீங்கள் டை பட்டறைக்காரர், உங்களுக்குச் சொல்லவே வேண்டாம், தலை ஒரு அளவு, இடுப்பு ஒடுங்கி, பின்னால் பாவாடை மெல்லிசாக, உள்ளே குழிவாக. 0.177இல் அதை ஊற்றி எடுக்கணும் என்றால் ரெண்டு பாதி அச்சின் கோடு விழும், குழிக்கு நடுவில் ஒரு பின் நிற்கணும், அது ஒரு முடியளவு விலகினாலும் பாவாடை ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிசு. அப்படிப்பட்ட பெல்லட் சுழன்று போகும்போது தள்ளாடும். நல்ல கம்பெனிப் பெல்லட்டிலேயே தலை அளவை 4.50, 4.51, 4.52 மில்லிமீட்டர் என்று பிரித்து விற்கிறார்கள், அதாவது மொத்த வித்தியாசமே 20 மைக்ரான். அந்த டாலரன்ஸை ஊற்றி எடுப்பேன் என்று உங்கள் முதலாளியிடம் சொல்லிப் பாருங்க, சிரிப்பார்.

உங்கள் டப்பாவில் இருக்கிற கோளாறும் இதுதான், பெல்லட்டுக்குப் பெல்லட் தலையும் பாவாடையும் ஒரே அளவில் இல்லை. வழுக்கிப் போகிறது காற்றைக் கசியவிடும், இறுக்கமானதை அமுக்கும்போது பாவாடை நசுங்கும். துப்பாக்கியைக் குறை சொல்லும் முன்னால் அந்த டப்பாவைத் தூர வைங்க.

நாலு டப்பா வேறு வேறாக வாங்குங்க. செக் நாட்டு ஜேஎஸ்பி எக்ஸாக்ட் 8.44 கிரெயின், அதாவது 0.547 கிராம். ஜெர்மனி எச் அண்ட் என் ஃபீல்டு டார்கெட் டிராஃபி ஒன்று, சுமார் 0.56 கிராம். மூன்றாவதாகத் தட்டைத் தலை ஒன்று, ஆர்டபிள்யூஎஸ் ஹாபி மாதிரி, அது 7 கிரெயின்தான். நாலாவது நம்ம நாட்டுத் தயாரிப்பில் நல்லதாக ஒன்று, ஏனென்றால் அது உங்கள் பேரலுக்கு ஒத்துவந்துவிட்டால் செலவு மிச்சம், இறக்குமதி டப்பா விலை தெரியுமல்ல. 10 கிரெயினுக்கு மேலே போகாதீங்க, நடுத்தர ஸ்பிரிங் துப்பாக்கி அதைத் தள்ளத் திணறும்.

தட்டைத் தலை 10 மீட்டரில் காகிதத்தில் அச்சாக வட்ட ஓட்டை போடும், மார்க் எண்ண வசதி. ஒலிம்பிக் 10 மீட்டர் ரைபிள் அட்டையில் 10 மார்க் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர் என்பதால் அங்கே எல்லாரும் அதைத்தான் போடுவார்கள். 25 மீட்டரைத் தாண்டினால் தட்டைத் தலை அலையும், உருண்டைத் தலைக்கு மாறிக்கொள்ளணும்.

தேங்காய் எண்ணெய் கண்டிப்பாக வேண்டாமுங்க. அந்தப் புகையும் சத்தமும் கம்பெனி போட்ட எண்ணெய் உள்ளே அழுத்தத்தில் சூடாகிப் பற்றிக்கொண்டது, டீசல் இன்ஜின் ஓடுகிற அதே வித்தை. புதுத் துப்பாக்கியில் கொஞ்ச நாள் இருக்கும், போய்விடும். நீங்களாக எண்ணெய் விட்டால் திரும்பவும் வெடிக்கும், ஸ்பிரிங்கும் பிஸ்டன் சீலும் கெட்டுப்போகும். அப்பாவிடம் தலைக்குத் தேய்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்க.

கோபி_டெக்சாஸ்:

நான் கோபிச்செட்டிபாளையம், டெக்சாஸில் குடியிருக்கிறேன். அந்த வீடியோவில் வருவது இங்கே பரவலாக நடக்கிற பொழுதுபோக்குதான், நானும் .45-70 என்கிற தோட்டா போடுகிற ஒரு ஒற்றைக் குண்டு ரைபிளுக்கு வார்க்கிறேன். இங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப மத்திய உரிமம் தேவையில்லை. ஊரில் கதையே வேறு, 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், அதனால் மருந்துப் பக்கம் யாரும் போக வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அவர் செய்கிற யோசனை உங்களுக்கும் உதவும். வார்த்த குண்டில் முதல் கேள்வி மருந்து அல்ல, பேரலின் உள்ளளவு. மென்மையான ஈயத்துண்டு ஒன்றைப் பேரலில் தட்டி இறக்கி வெளியே எடுத்து மைக்ரோமீட்டரில் அளப்போம். பேரலுக்குள் சுருளாக வெட்டியிருக்கிற ரைஃப்ளிங் பள்ளத்தின் அளவு .458 அங்குலம் வந்தால் குண்டை .459க்கு வைத்துக்கொள்வோம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாக. சின்னதாகப் போனால் சூடான வாயு ஓரத்தில் புகுந்து குண்டின் அடியை உருக்கிப் பேரல் முழுக்க ஈயம் பூசிவிடும், அப்புறம் எந்த மருந்து போட்டாலும் சிதறும். ரொம்பக் கடினமான கலவையாக இருந்தாலும் அடி விரிந்து அடைக்காது. அதனால்தான் மெதுவாகப் போகிற குண்டுக்கு இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் என்று மென்மையாக வைப்பது. உங்கள் பெல்லட்டில் அந்த வேலையைப் பாவாடை செய்கிறது, காற்று உள்ளே அடித்ததும் விரிந்து பேரலை அடைக்கும்.

ஒற்றைக் குண்டு ரைபிளில் இன்னொரு சௌகரியம், மேகசின் (தோட்டா அடுக்குகிற பெட்டி) நீளத்துக்குள் தோட்டாவை அடக்க வேண்டியதில்லை, குண்டை வெளியே நீட்டி ரைஃப்ளிங்கைத் தொடுகிற மாதிரி வைக்கலாம், ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் தொடங்கும். உங்களுக்கு இதற்கு நேரானது பெல்லட்டை எவ்வளவு ஆழம் அமுக்குகிறீர்கள் என்பது. பிரீச்சுக்கு, அதாவது பெல்லட் ஏற்றுகிற பேரலின் பின்வாய்க்குச் சமமாக நிற்கிறதா, ஒரு மில்லிமீட்டர் உள்ளேயா, எதுவோ ஒன்று, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி. பேனா முனை மாதிரி ஒரு பித்தளைக் குச்சியை லேத்தில் கடைந்துகொள்ளுங்க, கட்டைவிரலை விட அது நிதானம். உங்கள் பட்டறைக்கு இந்த வேலையைக் கொடுங்க, அச்சு வேண்டாம்.

மருந்து நிரப்புகிறவர்கள் அச்சிட்ட கையேட்டில் உள்ள குறைந்த அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றுவார்கள். அதைப் பிடித்துக்கொள்ளுங்க. பெல்லட்டையும் மாற்றி ஸ்கோப்பையும் (குறி பார்க்கிற தொலைநோக்கி) திருகி உட்காரும் இடத்தையும் மாற்றினால் எது சரியானது என்று கடவுளுக்கே தெரியாது.

உடுமலை_காத்து:

எல்லாம் சரிங்க, இது ஆடி மாசம். பாலக்காட்டுக் கணவாயில் நுழைகிற காத்து உடுமலை, பல்லடம், தாராபுரம் வரைக்கும் நேரா அடிக்குது, காங்கேயம் மட்டும் தப்பிக்குமா? அந்தக் காத்தை நம்பித்தான் இங்கே காத்தாடியே நட்டிருக்காங்க, நீங்க அரை கிராம் ஈயத்தை அதில் விட்டுட்டு டப்பா மேல பழி போடறீங்க. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் பக்கக் காத்து அடிச்சாலே 25 மீட்டரில் ரெண்டு சென்டிமீட்டர் வாக்கில் தள்ளிடும், மத்தியானம் அதைவிட மேலேதான் அடிக்கும். விடியக்காலம் பனை ஓலை அசையாத நேரத்துல சுடுங்க. இல்லைனா களத்துக்குப் பக்கத்துல சாளை (தோட்டத்து வீடு) சுவர் மறைப்புல 10 மீட்டரில் வைங்க, பெல்லட் தேர்வுக்கு அது போதும்.

மண் மேடுன்னு சொன்னீங்க, அதுல கல் இருந்தா தெறிக்கும். உரச்சாக்குல சலிச்ச மணல் கட்டி முன்னால வைங்க, கண்ணாடியும் போட்டுக்குங்க.

வெள்ளக்கோயில்காரன்:

இதே சாக்கில் கேட்கிறேன், எங்கள் காட்டில் மயில் தொல்லை தாங்கவில்லை, நிலக்கடலை போட்டால் முளைக்கவிடுவதில்லை. காயம் படாமல் விரட்ட இந்தத் துப்பாக்கி ஆகுமா? பெட்டியில் நொடிக்கு 1000 அடி வேகம் என்று போட்ட ஒன்றைக் கடையில் காட்டினார்கள்.

சிங்கை_10மீ:

ஆகாதுங்க. மயில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியல், சிறைத்தண்டனைக்குரிய குற்றம், முயல்கூடப் பாதுகாப்புப் பட்டியலில்தான் இருக்கிறது. காயம் படாமல் என்பதெல்லாம் பேச்சுக்கு, 10 மீட்டரில் கண்ணில் பட்டால் மனுஷனுக்கே பார்வை போகும். பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையில் மனுக் கொடுங்க. இந்தத் திரியில் காகிதத்தைத் தவிர வேறு எதையும் சுடுவது பற்றிப் பேச வேண்டாம்.

1000 அடிக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். அது நொடிக்கு 305 மீட்டர். அரை கிராமுக்கு மேல் இருக்கிற 8.44 கிரெயின் பெல்லட்டை 270 மீட்டர் வேகத்தில் விட்டாலே 20 ஜூல் ஆற்றலைத் தொட்டுவிடும், அதற்கு மேல் போனால் 2016 ஆயுத விதிகள்படி உரிமம் வேண்டும். ஆக அந்த எண் தக்கை மாதிரி லேசான பெல்லட் போட்டு எடுத்ததாக இருக்கும், ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்க அதுவும் தள்ளாடும். 240 மீட்டரில் நல்ல பெல்லட் போனால் 16 ஜூல்கிட்டத்தான் வரும், காகிதத்துக்கு அதுவே தாராளம். வேகத்தைப் பார்த்துத் துப்பாக்கி வாங்குவது கொம்பைப் பார்த்து மாடு பிடிப்பது மாதிரி.

காங்கேயம்_கிளுவை:

எல்லாருக்கும் நன்றிங்க. அச்சு யோசனையைக் கைவிட்டாச்சு, பித்தளைக் குச்சி கடைந்துவிட்டேன், கோபி அண்ணன் சொன்னது நல்ல உபாயம். காத்து இல்லாத காலையில் சுட்டதில் ஜேஎஸ்பி தெளிவாக முந்துகிறது, 20 மீட்டரில் அஞ்சும் ஒரு ரூபாய்க் காசுக்குள் நிற்கிறது. டிராஃபி அதற்கு அடுத்து. ஹாபி 10 மீட்டரில் அழகு, 20இல் விரிகிறது. நம்ம நாட்டு டப்பா பரவாயில்லை, ஆனால் நடுநடுவே ஒன்று எங்கேயோ ஓடிவிடுகிறது.

சந்தேகம் ரெண்டு. குரூப்பை, அதாவது ஓட்டைகள் சிதறிய அகலத்தை எப்படி அளப்பது, ஓட்டை வெளி ஓரத்தில் இருந்தா? அப்புறம் காலையில் சரியாக இருந்த ஸ்கோப், டப்பா பாதி தீர்வதற்குள் எல்லாவற்றையும் மேலே அடிக்க ஆரம்பித்தது. பெல்லட் காரணமா?

சிங்கை_10மீ:

தூரமாக இருக்கிற ரெண்டு ஓட்டைகளின் வெளி ஓரத்துக்கு வெளி ஓரம் வெர்னியரில் அளந்து 4.5 மில்லிமீட்டர் கழியுங்க, அதுதான் நடுவுக்கு நடு தூரம். அஞ்சு குண்டுக் குரூப் ஒன்றை மட்டும் நம்பாதீங்க, அதிர்ஷ்டத்திலும் சின்னதாக வரும், பத்து பத்தாகச் சுட்டால் உண்மை தெரியும். பெல்லட் மாற்றினதும் கொஞ்சம் சுட்டுவிட்டு அப்புறம் அளங்க, பேரலில் முந்தின ஈயம் படிந்திருக்கும். பேரலைத் துடைக்க இரும்புக் கம்பி வேண்டாம், தூண்டில் நரம்பில் துணித்துண்டு கட்டிப் பிரீச் பக்கம் இருந்து வாய்ப்பக்கம் இழுங்க.

மேலே அடிப்பது பெல்லட்டால் இல்லை. ஸ்பிரிங் துப்பாக்கி பின்னாலும் உதைக்கும், பிஸ்டன் போய் முட்டும்போது முன்னாலும் உதைக்கும், இந்த ரெண்டு உதையில் ஸ்கோப்பைப் பிடிக்கிற மவுன்ட், துப்பாக்கி மேலே இருக்கிற ரெயிலில் மெல்ல நகரும். மவுன்ட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்து டப்பா தீர்ந்ததும் பாருங்க. நகர்ந்திருந்தால் நகராமல் தடுக்கிற ஸ்டாப் பின் உள்ள ஒற்றைத் துண்டு மவுன்ட் வாங்கி அந்தப் பின்னை ரெயில் குழியில் உட்கார வைத்து இறுக்குங்க. நகரவில்லை என்றால் துப்பாக்கியின் மரக்கட்டையைப் பிடிக்கிற முன் திருகுகளைப் பாருங்க, புதுத் துப்பாக்கியில் அது தளர்ந்துகொண்டே இருக்கும். ரெண்டும் கெட்டியாக இருந்தும் மேலே அடித்தால் ஸ்கோப்பே உள்ளுக்குள் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம், அப்போது ஏர் ரைபிள் உதைக்குத் தாங்கும் என்று எழுதியிருக்கிற ஸ்கோப்பாகப் பார்த்து மாற்றணும்.

அப்புறம் பிடி. முன்னால் தாங்குகிற கையால் இறுக்கிப் பிடிக்காதீங்க, உள்ளங்கையில் சும்மா கிடத்தி அது தன்பாட்டுக்கு உதைத்துக்கொள்ள விடுங்க. கையை வைக்கிற இடத்துக்கு ஒரு டேப் ஒட்டிக்கொள்ளுங்க, ரெண்டு விரல் தள்ளி வைத்தாலே குண்டு வேறு இடத்தில் விழும்.

கோபி_டெக்சாஸ்:

ஜேஎஸ்பியில் உங்கள் டப்பா எந்தத் தலை அளவு, 4.51ஆ 4.52ஆ? அடியில் ஒட்டியிருக்கும். அடுத்த டப்பா வாங்கும்போது அதே அளவாகப் பார்த்து வாங்குங்க. சுட்டு முடித்ததும் சாப்பிடும் முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க, டப்பாவில் இருக்கிற கறுப்புத் தூள் எல்லாம் ஈயம்தான், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைங்க.