மறு: எலூஷன் – ‘கழுவியெடுத்தல்’ வேண்டாம், ‘இறக்கல்’ எப்படி?

வணக்கம். ‘எலூஷன்’ (elution) என்ற ஆய்வகச் சொல்லுக்குத் தமிழில் என்ன எழுதலாம் என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> எலூஷன் = கழுவியெடுத்தல். இலத்தீன் வேருக்கும் பொருள் அதுவே.

வேர் சரிதான் ஐயா. ஆனால் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) மற்ற புரதங்களிலிருந்து பிரித்துத் தூய்மையாக்கும் மேசையில் இந்தச் சொல் காலை வாரிவிடும்.

கர்ப்பப் பரிசோதனைப் பட்டைக்கான எதிர்ப்பொருளையே எடுத்துக்கொள்வோம். அதைச் சுரக்கும் ஹைப்ரிடோமா என்ற கலப்புச் செல்கள் வளர்ந்த ஊடகத்தில் அதோடு வேறு புரதங்களும் கலந்து கிடக்கும். எதிர்ப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் ‘புரோட்டீன் ஏ’ என்ற புரதம் ஏற்றிய நுண்மணிகள் நிரப்பிய குழாயில் அந்த ஊடகத்தை ஊற்றினால் எதிர்ப்பொருள் மணிகளில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிஎச் 7-ஐ ஒட்டிய தாங்கல் கரைசலால் (பஃபர்) அலசுகிறோம். அதில் வருவதெல்லாம் கழிவு. அப்புறம் பிஎச் 3 அளவிலான, அமிலத்தன்மையுள்ள கிளைசின் கரைசலை விட்டால் பிடி தளர்ந்து எதிர்ப்பொருள் வெளியே வரும். இதுதான் எலூஷன்.

ஆக, முதலில் வருவதைக் கொட்ட வேண்டும், அடுத்து வருவதைப் பிடிக்க வேண்டும். செய்முறைக் குறிப்பில் இரண்டுக்கும் ‘கழுவு’ என்று எழுதிவைத்தால் புதிதாக வந்த மாணவர் ஒருநாள் தப்பான டியூபைத் தொட்டியில் கவிழ்ப்பார். நான் கவிழ்த்திருக்கிறேன். மூன்று வார வேலை.

‘கரைத்தெடுத்தல்’ என்பதும் ஒத்துவராது. எதிர்ப்பொருள் அங்கே ஒட்டியிருக்கிறது, கரையாமல் படிந்து கிடக்கவில்லை.

என் முன்மொழிவு: இறக்கல். பனையில் பதநீர் இறக்குவதுபோல. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவித்தானே கட்டுகிறார்கள், பதநீர் புளிக்காமலிருக்க? இங்கேயும் எதிர்ப்பொருளைப் பிடிக்கும் டியூபில் காரத்தன்மையுள்ள டிரிஸ் கரைசலை முன்பே கொஞ்சம் விட்டுவைப்போம். அமிலத்திலேயே நின்றால் எதிர்ப்பொருள் திரண்டு கெட்டுப்போகலாம். சொல்லைத் தேர்ந்தபோது இந்த ஒற்றுமை என் மனதில் இல்லை, எழுதும்போதுதான் உறைத்தது.

ஏற்று, அலசு, இறக்கு. ஆய்வகத்தில் வாயால் சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்காது.

> ‘இறக்கல்’ என்றால் சாவு நினைவுக்கு வராதா?

அது இறத்தல். பதிவிறக்கம் செய்யும்போது யாரும் பயப்படுவதில்லையே!

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம்: எலுவேட், அதாவது இறக்கும்போது வெளியே வரும் கரைசல். ‘இறக்கம்’ என்றால் சரிவாகிவிடும். இப்போதைக்கு ‘இறக்குநீர்’ என்று எழுதிவருகிறேன். ஆனால் வேதியியல்காரர்கள் நீரே இல்லாத ஹெக்சேன் என்ற கரைப்பானில் இறக்கினால் அதையும் நீர் என்பதா? வேறு யாருக்காவது ஏதேனும் தோன்றுகிறதா?