ஜெய்மி பிரியெனை விட்டுட்டுப் போனது சரியா? (சீசன் 8 பாத்து முடிச்சவங்க மட்டும் உள்ள வாங்க)

பால்கனி_காக்கா

எல்லாருக்கும் வணக்கம். கேம் ஆஃப் த்ரோன்ஸ இப்பதான் பாத்து முடிச்சேன், சிரிக்காதீங்க. 2019ல ஆஃபீஸ்ல பாதிப் பேரு திங்கக்கிழமை காலைல 6:30 மணிக்கே ஹாட்ஸ்டார்ல பாத்துட்டு கண்ணு செவந்து போய் வருவாங்க, மீதிப் பேரு ஸ்பாய்லர் சொல்லாதடான்னு காதப் பொத்திக்கிட்டு ஓடுவாங்க, நான் மட்டும் டிராகன் கதையெல்லாம் சின்னப் பசங்களுக்குன்னு நக்கல் அடிச்சிட்டுத் திரிஞ்சேன். இப்ப 73 எபிசோடும் ஒன்றரை மாசத்துல முடிச்சிட்டு பேச ஆளில்லாம உக்காந்திருக்கேன்.

விஷயத்துக்கு வரேன். சீசன் 8 ரெண்டாவது எபிசோட். நாளைக்கு எல்லாரும் சாகப்போறோம்னு தெரிஞ்சு ராத்திரி நெருப்பு கிட்ட உக்காந்து குடிச்சிட்டு இருப்பாங்கள்ல, அங்க டோர்மண்ட்ங்கறவன் ஏன் நீ நைட் (knight, 'சர்' பட்டம் வாங்குன வீரன்) இல்லன்னு கேக்க, பொம்பளைங்களுக்கு அந்த வழக்கம் இல்லன்னு வாள் வீராங்கனை பிரியென் சொல்ல, எனக்கு அதுல ஆசையும் இல்லன்னு ஒரு பொய் வேற சொல்லுவா, உடனே அவ உதவியாளு பாட்ரிக் அவள ஒரு பார்வை பாப்பான் பாருங்க, அந்தப் பார்வையிலயே எனக்கு தொண்டை அடைச்சிருச்சு. அப்புறம் ஜெய்மி எழுந்து, ராஜா எதுக்கு, எந்த நைட்டும் இன்னொருத்தர நைட் ஆக்கலாம்னு சொல்லி மண்டி போடச் சொல்றான். வலது கை போயிடுச்சு, இடது கையில கத்திய எடுத்து அவ தோள்ல வைக்கிறான். எந்திரிச்சதும் அவ ஒரு சிரிப்பு சிரிக்கிறா, எட்டு வருஷ சீரியல்ல அவ அப்படி சிரிச்சு நான் பாக்கல.

எங்கம்மா ஹால்ல பூண்டு உரிச்சிட்டு இருந்தாங்க. அவங்களுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது (இந்த சீரியல அம்மா இருக்கப்ப பாக்குறதே கண்டம், ரிமோட்ட கீழயே வைக்கக் கூடாது). அந்த சிரிப்பப் பாத்துட்டு, "யாருடா இந்தப் பொண்ணு, என்னடா கெடச்சுது இவளுக்கு"ன்னு கேட்டாங்க. ஒரு பேருக்கு முன்னாடி ஒரு பட்டம் கெடச்சுதும்மான்னேன்.

ரெண்டே எபிசோட் கழிச்சு அதே ஆளு அவள பனியில நைட்டியோட அழவிட்டுட்டு குதிரை ஏறி அவனோட அக்காவும் காதலியுமான ராணி செர்சிகிட்டயே போறான். அம்மா எட்டிப் பாத்துட்டு "அன்னிக்கு சிரிச்சவ தானே"ன்னு கேட்டாங்க, என்னால பதில் சொல்ல முடியல. எனக்கு இது துரோகமா தெரியுது, ஜெய்மி பண்ண துரோகம் இல்ல, எழுதுனவங்க பண்ண துரோகம். ஆனா ஃப்ரெண்டு ஒருத்தன் அதான் கரெக்ட், அவன் அப்படித்தான் பண்ணுவான்னு அடிச்சு சொல்றான். அப்ப பாத்தவங்க என்ன நெனச்சீங்க?

வைகைக்கரை_வாத்தி

காக்கா, லேட்டா வந்தாலும் சரியான எடத்துல கொத்திட்ட.

துரோகம்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா எனக்கு கோவம் நாலாவது எபிசோட்ல வரல, அஞ்சாவதுல வந்துச்சு. காரணம் சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படி. சீசன் 3ல, 2013ல வந்த அஞ்சாவது எபிசோட், ஹாரன்ஹால் குளியல் சீன். அவனுக்கு கை வெட்டுப்பட்டு ரெண்டு எபிசோட்தான் ஆயிருக்கு, முகமெல்லாம் வெளிறிப் போய் வெட்டுப்பட்ட கைய தண்ணியில படாம தொட்டி வெளிம்புல வச்சிட்டு உக்காந்திருப்பான். அது வரைக்கும் ஊரே அவன ராஜாவக் கொன்னவன்னு காறித் துப்பிட்டு இருக்கு, நாமளும்தான், ஏன்னா மொத எபிசோட்லயே ஒரு சின்னப் பையன ஜன்னல்ல இருந்து தள்ளிவிட்டவன். அன்னிக்குத்தான் மொத தடவையா வாயத் தெறக்கிறான். பைத்தியக்கார ராஜா ஊருக்கு அடியில எல்லாம் காட்டுத்தீங்கற எரிசரக்க ஒளிச்சு வச்சிருந்தான், எல்லாரையும் கொளுத்துங்கன்னு கத்திட்டு இருந்தான், அதான் முதுகுல குத்துனேன்னு. நீ நம்பி சேவிச்ச ராஜா ரென்லி உன்ன உங்கப்பாவக் கொல்லச் சொல்லிட்டு ஆயிரக்கணக்கான ஜனங்க எரியறத வேடிக்கை பாக்கச் சொன்னா நீ கேப்பியான்னு அவளத் திருப்பிக் கேப்பான். கேட்டுட்டு மயங்கி விழுவான், அவ புடிச்சிட்டு ஆளக் கூப்புடுவா, பழக்கதோஷத்துல ராஜாவக் கொன்னவனுக்கு உதவி பண்ணுங்கன்னு கத்துவா, அவன் அந்த மயக்கத்துலயும் என் பேரு ஜெய்மின்னு முணுமுணுப்பான்.

இப்ப சீசன் 8 அஞ்சாவது எபிசோடுக்கு வா. தம்பி டிரியன், புடிபட்டுக் கெடந்த அவன அவிழ்த்துவிட்டு, செர்சிக்காக இல்லன்னாலும் ஊர்ல இருக்குற அப்பாவி ஜனங்களுக்காகவாவது சரணடைய வைன்னு கெஞ்சுறான். இவன் என்ன சொல்றான், உண்மையச் சொன்னா அவங்களப் பத்தி நான் பெருசா கவலைப்பட்டதே இல்ல, அப்பாவியோ இல்லையோன்னு. டேய்! அவங்களுக்காகத்தானடா ராஜாவயே கொன்ன? அந்தப் பேர எத்தனை வருஷம் சொமந்த? போன மாசம் அதே வாயால பிரியென மண்டி போட வச்சு அப்பாவிகளக் காப்பாத்தணும்னு சத்தியம் வாங்குனது யாரு? எழுதுன ஆளுங்க அவங்க எழுதுனத அவங்களே ஒரு தடவ பின்னாடி திருப்பிப் பாத்திருக்கலாம்.

நைட்டூட்டி_நர்ஸ்

வாத்தியாரே நீங்க சொல்ற அந்த ஒரு டயலாக்க நானும் மன்னிக்க மாட்டேன். ஆனா அவன் கெளம்பிப் போனத நான் ஒத்துக்கிறேன், எல்லாரும் என்ன அடிக்க வரலாம்.

என் வேலையில நான் டெய்லி பாக்குறது இது. ரெண்டு வருஷம் குடிய விட்டவர் இருப்பாரு, மொகம் தெளிஞ்சு, சட்டை இஸ்திரி போட்டு, பொண்டாட்டி கூட சிரிச்சுப் பேசி செக்கப்புக்கு வருவாரு. திடீர்னு ஒரு நாள் எங்கயோ ஒரு சாவுச் செய்தி, அன்னிக்கு ராத்திரியே ஸ்ட்ரெச்சர்ல வருவாரு. அதுக்காக அந்த ரெண்டு வருஷம் பொய்யா? கெடையாது. அதே மாதிரி ஜெய்மியும் நல்லாதான் இருந்தான், வின்டர்ஃபெல் கோட்டைத் தலைவி சான்சா வந்து உங்க அக்காவுக்கு தண்டனை குடுக்குறப்ப பக்கத்துல இருந்து பாக்கணும்னு நெனச்சேன், வாய்ப்பு கெடைக்காது போலன்னு சொல்லிட்டுப் போற வரைக்கும். அப்ப அவன் மூஞ்சி மாறும் பாருங்க, அந்த நிமிஷமே ஆளு கெளம்பியாச்சு.

அந்த வாசல் சீன்ல அவன் சொல்றதெல்லாம் என்ன? பையனத் தள்ளுனேன், சொந்தக்காரன என் கையால கொன்னேன், ரிவர்ரன் கோட்டையில இருந்த அத்தனை பேரையும் கொன்னிருப்பேன், எல்லாம் அவளுக்காக, அவ கேவலமானவ, நானும் அப்படித்தான்னு. நான் உனக்கு லாயக்கில்லன்னு அவளோட மொகத்தப் பாத்து சொல்லாம சொல்றான், அதத்தான் குடிக்கிறவரும் பொண்டாட்டிகிட்ட சொல்லுவாரு, அதே கொரல்ல. ஜெய்மியா வர்ற நிக்கோலாய் அந்த சீன நடிச்ச விதத்துல எனக்கு ஒரு கொறையும் தெரியல.

என் கோவம் வேற. அவ அழுததுல தப்பில்ல, நைட்டாவே இருந்தாலும் மனுஷிதான. ஆனா அழுததுக்கு அடுத்து அவளுக்கு ஒரு முழு சீன் குடுக்கணுமா இல்லையா? அடுத்து அவ வாயத் தெறக்குறது கடைசி எபிசோட்லதான், அதுலயும் மந்திரி சபையில உக்காந்து கப்பல் முக்கியமா விபச்சார விடுதி முக்கியமான்னு புது ராஜா பிரானோட ஆளுங்களுக்குப் பஞ்சாயத்து.

மொறுமொறு_முறுக்கு

இவ்ளோ ஆராய்ச்சி எதுக்கு மக்களே, எபிசோட் பத்தல அவ்ளோதான். மொத ஆறு சீசன் பத்து பத்து எபிசோட், ஏழாவது ஏழு, எட்டாவது ஆறு. ஜெய்மி மாறுறதுக்கு மூணாவது சீசன்ல இருந்து அஞ்சு சீசன் குடுத்தாங்க, திரும்பிப் போறதுக்கு பத்து நிமிஷம் குடுத்தாங்க. நர்ஸக்கா சொல்ற கதைய நானும் ஒத்துக்குவேன், ஆனா அது அக்கா தலையில ஓடுன கதை, ஸ்கிரீன்ல ஓடல. திரும்ப எடுங்கன்னு 10 லட்சத்துக்கு மேல ஆளுங்க கையெழுத்து போட்டாங்கன்னா சும்மாவா, நானும் போட்டேன், ஒன்னும் கிழியல.

அப்புறம் ஒன்னு, கேரக்டர் மொமென்ட்னா எனக்கு ஜெய்மி ரெண்டாவதுதான். மொத எடம் தியோனுக்கு, பிரான் குடும்பத்துக்கு துரோகம் பண்ணிட்டு திருந்தி வந்தவன். பிரான் அவன நீ நல்லவன், நன்றின்னு சொல்லி அனுப்புவான், அவன் ஒத்த ஈட்டியோட செத்தவங்க படைத் தலைவன் நைட் கிங் மேல ஓடுவான், செத்துருவோம்னு தெரிஞ்சே ஓடுவான். கதவப் புடிச்சிட்டே செத்த ஹோடோர் பத்தி பேசவே மாட்டேன், 2016 மே மாசம் அதப் பாத்துட்டு லிஃப்ட் கதவ யாராவது புடிச்சாக்கூட கண்ணு கலங்கிட்டு இருந்தேன்.

ஆமா பிரியெனா நடிச்ச க்வெண்டலின் கிறிஸ்டி கதை தெரியுமா? அந்த நைட் எபிசோடுக்கு அப்புறம் சேனல் அவங்க பேர எம்மி டிவி அவார்டுக்கு அனுப்பவே இல்ல, அவங்களே ஃபீஸ் கட்டி அவங்க பேர அனுப்பி நாமினேஷன் வாங்குனாங்க. பிரியென் பண்ணுற மாதிரியே இருக்குல்ல. அவார்டு கெடைக்கல, அது வேற விஷயம்.

பால்கனி_காக்கா

@முறுக்கு லிஃப்ட் கதவு 😂😂 இனிமே எனக்கும் அதான் ஞாபகம் வரும்.

@நர்ஸக்கா நீங்க சொன்னதப் படிச்சிட்டு அந்த வாசல் சீன மட்டும் திரும்பப் போட்டுப் பாத்தேன். அவ ரெண்டு கையாலயும் அவன் மொகத்தப் புடிச்சிட்டு இங்கயே இருன்னு கெஞ்சுவா, அவன் அந்தக் கைய எடுத்துவிடுவான். மொதல்ல பாத்தப்ப கோவத்துல இத கவனிக்கல. பாதி மனசு மாறிடுச்சு, ஆனா வாத்தியாரோட அந்த அப்பாவி பாயின்ட்டுக்கு பதில் இல்ல.

பனிக்குள்ள_பனங்கிழங்கு

நான் ரொறன்ரோவில இருந்து எழுதுறன். நீங்கள் திங்கள் காலமை பாத்ததை நாங்கள் ஞாயிறு இரவு 9 மணிக்கு பாத்தனாங்கள், எங்கட வீட்டில ஏழெட்டு பேர் கூடுவினம், கடைசி எபிசோட் முடிய ஒருத்தரும் கதைக்கேல்ல, சாப்பாடும் அப்பிடியே ஆறிப் போச்சுது.

ஒருத்தரும் அந்த வெள்ளைப் புத்தகத்தைப் (ராசாவின்ர காவல் படை வீரர்களின்ர சாதனை எழுதுறது) பற்றி சொல்லேல்லையே? நாலாவது சீசன் முதல் எபிசோட்டில ராசா ஜாஃப்ரி அந்தப் புத்தகத்தைப் புரட்டி ஜெய்மியின்ர பக்கத்தைக் காட்டி நக்கலடிப்பான், நீ செய்த பெரிய காரியமெல்லாம் எழுத மறந்திட்டினமோ எண்டு. பிறகு நாலாவது எபிசோட்டில பிரியென் அதே பக்கத்தை வாசிப்பா, அப்ப ஜெய்மி சொல்லுவான், அதை நிரப்புறது காவல் படைத் தலைவன்ர வேலை, என்ர பக்கத்தில இன்னும் இடம் இருக்கு எண்டு. அதுக்குப் பிறகுதான் அவவுக்கு வாளைக் குடுக்கிறது.

கடைசி எபிசோட்டில அவதான் தலைவி, அவதான் நிரப்ப வேணும். என்ன எழுதுறா எண்டு நிப்பாட்டி நிப்பாட்டி வாசிச்சுப் பாருங்கோ. தலைநகரத்தை அழிவில இருந்து காப்பாத்தப் போனான் எண்டு எழுதுறா. உண்மையில அவன் அதுக்கோ போனவன்? செர்சிக்காகத்தானே போனவன். வாத்தியார் சொன்ன அந்த வசனத்தை அவ கேக்கேல்ல, கேட்டிருந்தாலும் இப்பிடித்தான் எழுதியிருப்பா எண்டு நான் நினைக்கிறன். தன்னை நைட் ஆக்கினதை எழுதேல்ல, தன்னை விட்டிட்டுப் போனதையும் எழுதேல்ல. கடைசி வரியை எழுத முதல் பேனையைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசிப்பா, பிறகு தன்ர ராணியைக் காத்து செத்தான் எண்டு முடிப்பா. அந்த இடத்திலதான் நான் அழுதனான், பனிக்குள்ள அழுத இடத்தில இல்லை.

(மை காய முதல் புத்தகத்தை மூடிப் போட்டா எண்டு என்ர தம்பி அண்டைக்கே கத்தினவன். அது உண்மைதான், அந்தப் பக்கம் இப்ப வாசிக்கேலாம இருக்கும்.)

வைகைக்கரை_வாத்தி

கெழங்கு, நான் இத யோசிக்கவே இல்ல. அவ எழுதுனத நெஞ்சுல கைய வச்சு ஒத்துக்கிறேன், எழுத்தாளருங்க எழுதுனத ஒத்துக்க மாட்டேன். அந்த "அப்பாவியோ இல்லையோ" வசனத்த வெட்டிட்டு மத்ததெல்லாம் அப்படியே விட்டிருந்தா நர்ஸம்மா கட்சிக்கே வந்திருப்பேன்.

நைட்டூட்டி_நர்ஸ்

வசனத்த நானே வெட்டித் தரேன், கட்சிக்கு வாங்க 😄

பால்கனி_காக்கா

அம்மாவ உக்கார வச்சு அந்த புத்தக சீன போட்டுக் காட்டி, ஒவ்வொரு வரியா தமிழ்ல சொன்னேன். முழுசா கேட்டுட்டு ஒன்னுதான் கேட்டாங்க. "இவ கதைய யாருடா எழுதுவா?"

பனிக்குள்ள_பனங்கிழங்கு

பாட்ரிக் எழுதுவான் எண்டு அம்மாட்ட சொல்லுங்கோ. கடைசியில பிரான்ர கதிரையைத் தள்ளிக்கொண்டு போறது அவன்தான், அவனும் இப்ப காவல் படையில நைட். மை காயுறதுக்கு முதல் மூட வேண்டாம் எண்டும் சொல்லிவிடுங்கோ.