ஆர்டி கர்னல்: இரண்டு நாளுக்கு ஒரு பேனிக், ஒவ்வொரு முறையும் வேறு ட்ரேஸ்

மூன்றாம்_கோர்:

போர்டில் 4 கார்டெக்ஸ்-ஏ53 கோர், 2 ஜிபி டிடிஆர்4. லினக்ஸ் கர்னல் 6.6, பிரீஎம்ப்ட்-ஆர்டி (நேரம் தவறாமல் பதிலளிக்கவைக்கும்) பேட்ச் போட்டது. வேலை மோட்டார் கட்டுப்பாடு. ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் சிப்) அளவுகள் எஃப்பிஜிஏ (நிரலாக்கக்கூடிய சிப்) வழியாக வருகின்றன. 1 மில்லி செகண்டுக்கு ஓர் இன்டரப்ட். ஹேண்ட்லர் 8 சேனல் ரெஜிஸ்டர்களைப் படித்து ரிங் பஃபரில் போடும், வேறு வேலை கிடையாது. டிரைவர் எங்கள் குழு எழுதியது. கட்டுப்பாட்டு நிரல் ஃபிஃபோ 80 (பெரிய எண் முந்தும்) முன்னுரிமையில் 3-ஆம் கோரில் ஓடுகிறது. இன்டரப்டும் அதே கோருக்குத்தான்.

சராசரியாக இரண்டு நாளுக்கு ஒருமுறை பேனிக் (மீள முடியாத பிழையில் கர்னல் நின்றுவிடுவது). ஒருமுறை நெட்வொர்க் பாக்கெட்டை விடுவிக்கும் இடத்தில், ஒருமுறை இஎக்ஸ்டி4 கோப்பு முறைமைக்குள், ஒருமுறை லிஸ்ட் நீக்கும் இடத்தில். நான்காவது முறை சீரியலில் ஒரு வரிகூட இல்லை. வாட்ச்டாக் (கணினி உறைந்தால் மறுதொடக்கும் டைமர்) 60 செகண்டில் ரீசெட் செய்துவிட்டது. ஆர்டி இல்லாத அதே கர்னல் இரண்டு வாரம் சிக்கலின்றி ஓடியது. கேஸன் (மெமரிப் பிழை பிடிக்கும் கருவி) போட்டு 5 நாள் ஓட்டினால் ஒன்றுமே வரவில்லை. போர்டு கொடுத்தவர்கள் "டிடிஆர் டைமிங்காக இருக்கலாம்" என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

சுழல்பூட்டு:

ட்ரேஸ்களை (விழுந்த இடத்துக்கு வந்த அழைப்புகளின் பட்டியல்) ஆராய்வதை இப்போதைக்கு நிறுத்துங்கள். மூன்று இடத்தில் மூன்று விதமாக விழுகிறது என்றால், அங்கே விழுந்தவர்கள் அடிபட்டவர்கள்; அடித்தவர் வேறு எங்கோ இருக்கிறார். முதலில் தடயம் அழியாமல் பிடிக்க ஏற்பாடு செய்யுங்கள்.

வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் 1 எம்பி ரிசர்வ்ட் மெமரி ஒதுக்கி ராம்ஊப்ஸ் (ரீபூட்டுக்குப் பின்னும் கர்னல் பதிவை ராமில் வைத்திருக்கும் வசதி) போடுங்கள்: ரெக்கார்டுக்கு 64 கேபி, கன்சோலுக்கு 128 கேபி. பேனிக்_ஆன்_ஊப்ஸ்=1, பேனிக்=5 (ஊப்ஸ் என்ற கர்னல் பிழை வந்தாலே பேனிக், 5 செகண்டில் ரீபூட்). பிறகு சிஸ்ஆர்க்யூ ட்ரிகரில் 'சி' எழுதி நீங்களே ஒரு பேனிக் உண்டாக்கிப் பாருங்கள். ரீபூட்டுக்குப் பின் அந்தப் பதிவு தெரியும் பிஸ்டோர் அடைவில் கோப்பு இல்லையென்றால் இரண்டு காரணம்: பூட்லோடர் அந்த இடத்தை மிதிக்கிறது, அல்லது ரீசெட்டின்போது பவர் சிப் டிடிஆர் மின்சாரத்தையே துண்டிக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் இரண்டு நாள் காத்திருந்தால் அந்த இரண்டு நாளும் வீண்.

சத்தமில்லாமல் நின்ற நான்காவது முறைக்கு: உங்கள் வாட்ச்டாக்கில் ப்ரீடைம்அவுட் வசதி இருந்தால் அதன் கவர்னரை 'பேனிக்' என்று வையுங்கள். கடைசி ரீசெட்டுக்குச் சில செகண்டு முன்பே பேனிக் வந்து, ஸ்டாக் ராமில் பதிவாகிவிடும்.

பிரின்ட்கே (கர்னல் செய்தியைச் சீரியலில் அச்சிடுவது) வேண்டாம். 115200 பாடில் ஓர் எழுத்துக்கு 87 மைக்ரோ செகண்ட். 80 எழுத்து வரி ஒன்று ஏறத்தாழ 7 மில்லி செகண்ட், அதாவது உங்கள் ஏழு இன்டரப்ட் சுற்று. அதன் பிறகு நீங்கள் பார்ப்பது வேறொரு கணினி. அதற்குப் பதில் ராம் பஃபரில் எழுதும் ட்ரேஸ்_பிரின்ட்கே போட்டு, எஃப்ட்ரேஸ்_டம்ப்_ஆன்_ஊப்ஸை 2 என்று வையுங்கள். விழுந்த கோரின் பஃபரை மட்டும் கொட்டும். பஃபரையும் சிறிதாக வையுங்கள். 1 எம்பி சீரியலில் இறங்க 91 செகண்ட் ஆகும், அதற்குள் உங்கள் 60 செகண்ட் வாட்ச்டாக் கடித்துவிடும்.

பழைய_யூஆர்ட்:

டிடிஆர் சந்தேகத்தை ஒரே நாளில் தீர்க்கலாம். பெட்டியைச் சூடாக்கி, நான்கு கோரிலும் ஸ்ட்ரெஸ்ஆப்டெஸ்ட் என்ற மெமரிச் சோதனையை இரவு முழுக்க ஓட்டுங்கள். கோர் மின்னழுத்தத்தை அந்த நேரத்தில் ஆஸிலோஸ்கோப்பில் பாருங்கள், மல்டிமீட்டர் சரிவைக் காட்டாது. ஆனால் ஆர்டி இல்லாத கர்னல் இரண்டு வாரம் நின்றது என்பதால் எனக்கு வன்பொருள் மேல் சந்தேகம் குறைவு.

ஊப்ஸில் உள்ள ரெஜிஸ்டர் மதிப்புகளே பாதிக் கதையைச் சொல்லும். நல்ல பாயின்டரில் ஒரே ஒரு பிட் மட்டும் புரண்டிருந்தால் மெமரி அல்லது மின்சாரம். 'டெட்' என்று தொடங்கி 100 அல்லது 122 என்று முடிந்தால், லிஸ்டிலிருந்து ஏற்கெனவே நீக்கிய உறுப்பை யாரோ மறுபடி தொட்டிருக்கிறார்கள். பாய்சன் போட்ட (விடுவித்த மெமரியை 6பி கொண்டு நிரப்பும்) கர்னலில் 6பி6பி6பி6பி வந்தால், விடுவித்த மெமரியைப் படித்திருக்கிறார்கள்.

கேஸன் பிடிக்காதது வியப்பில்லை. அது எல்லாவற்றையும் மெதுவாக்குவதால் இரண்டு வேலைகள் மோதிக்கொள்ளும் இடைவெளியே நகர்ந்துவிடும். கேஃபென்ஸ் என்ற அதே வகைக் கருவி இலேசானது, ஆனால் அவ்வப்போது ஒரு ஒதுக்கீட்டை மட்டும் எடுத்துக் கண்காணிக்கும். எப்போதாவது ஒருமுறை ஒதுக்கும் பஃபர் அதில் அகப்படுவது அதிர்ஷ்டம். நூறு கருவிகள் களத்தில் ஓடினால் பயன்படும், மேசையில் ஒன்றே ஒன்று என்றால் நம்ப வேண்டாம்.

உங்கள் நிலைமைக்கு ஸ்லப்_டீபக்தான் (மெமரி ஒதுக்கும் ஸ்லப்பின் சோதனை முறை) சரி. எஃப், இசட், பி, யூ (சரிபார்ப்பு, எல்லைக் காவல், பாய்சன், ஒதுக்கியவர் பதிவு) நான்கையும் கொடுங்கள், ஆனால் எல்லா கேஷுக்கும் (ஒரே அளவுத் துண்டுகளின் தொகுப்பு) அல்ல. காற்புள்ளி வைத்து உங்கள் பஃபர் வரும் கேமல்லாக் கேஷின் பெயரை மட்டும் கொடுங்கள். மற்ற கேஷ்கள் பழைய வேகத்திலேயே போகும். பஃபர் அளவு என்ன, எப்போது ஒதுக்குகிறீர்கள்?

மூன்றாம்_கோர்:

8 சேனல், 4 பைட், 16 மாதிரி: 512 பைட். இயந்திரம் வேகப் பயன்முறைக்கு மாறும்போது ஐஓசிடிஎல் (நிரல் டிரைவரை அழைக்கும் வழி) வழியாக 32 மாதிரிக்கு மாற்றி ஒதுக்குகிறோம், திரும்பும்போது மறுபடி 16.

கேமல்லாக்-512-க்கு மட்டும் ஸ்லப்_டீபக் போட்டதில் 9 மணி நேரத்தில் "பாய்சன் ஓவர்ரிட்டன்" வந்தது. ஒதுக்கியது, விடுவித்தது இரண்டும் எங்கள் ஐஓசிடிஎல், இரண்டும் 3-ஆம் கோர். 6பி இருக்க வேண்டிய இடத்தில் 32 பைட் மட்டும் மாறியிருக்கிறது: 02 08 00 00, 01 08 00 00 என்ற மாதிரி.

ஐஓசிடிஎல்லில் வரிசை இது: டிசேபிள்_ஐஆர்க்யூ_நோசிங்க் (இன்டரப்டை நிறுத்துவது), கேஃப்ரீ (விடுவிப்பது), கேமல்லாக் (ஒதுக்குவது), எனேபிள்_ஐஆர்க்யூ (இன்டரப்டை மீண்டும் திறப்பது). ஹேண்ட்லரும் ஐஓசிடிஎல்லும் ஒரே கோரில்தானே ஓடுகின்றன என்று பூட்டு போடவில்லை.

சுழல்பூட்டு:

அந்த 32 பைட் உங்கள் 8 சேனல். 2050, 2049: 12 பிட் ஏடிசி என்றால் நடுப்புள்ளியை ஒட்டிய அளவுகள். எழுதியது உங்கள் ஹேண்ட்லரேதான்.

சாதாரண கர்னலில் உங்கள் கணக்கு சரி. ஹேண்ட்லர் ஹார்ட் இன்டரப்டில் ஓடும். அது முடியும் வரை அந்தக் கோரில் ஐஓசிடிஎல் நுழையவே முடியாது. ஆர்டியில் ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ கொடுத்த ஹேண்ட்லர் ஃபிஃபோ 50-இல் ஓடும் த்ரெட்டாகிவிடுகிறது. அது பஃபர் பாயின்டரைக் கையில் எடுத்தபின் உங்கள் ஃபிஃபோ 80 நிரல் விழித்தால், த்ரெட் பாதியில் நிற்கும். நோசிங்க் என்றாலே 'ஓடிக்கொண்டிருப்பதற்காகக் காத்திராதே' என்றுதான் பொருள். நிரல் கேஃப்ரீ செய்துவிட்டுத் தூங்கப் போகும். த்ரெட் எழுந்து பழைய பாயின்டரில் எழுதும். அதற்குள் அந்தத் துண்டு வேறு யாருக்காவது போயிருந்தால் அவர் தலையில்.

16-லிருந்து 16-க்கே மறுஒதுக்கீடு செய்திருந்தால் இது இன்னும் ஒளிந்திருக்கும். இப்போது விடுவித்த துண்டையே அதே கோருக்கு ஸ்லப் பெரும்பாலும் திருப்பிக் கொடுக்கும்; தவறான எழுத்து சரியான இடத்தில் போய் விழும்.

திருத்தம்: ஸ்பின்லாக்_டி என்ற பூட்டு ஒன்று. ஹேண்ட்லர் அதைப் பிடித்துக்கொண்டு எழுதட்டும். ஐஓசிடிஎல் புதிய பஃபரை வெளியே ஒதுக்கி, ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் போட்டுப் பாயின்டரையும் அளவையும் மாற்றி, பூட்டை விட்ட பிறகு பழையதை கேஃப்ரீ செய்யட்டும். இது இரண்டு கர்னலிலும் சரி.

டிசேபிள்_ஐஆர்க்யூ என்று மாற்றினாலும் பிழை போய்விடும், த்ரெட் முடியும்வரை அது காத்திருக்கும். ஆனால் அந்தக் காத்திருப்பில் முன்னுரிமை கடன் கிடையாது: நடுவில் ஒரு ஃபிஃபோ 60 புகுந்தால் உங்கள் 80 அதற்காகவும் நிற்கும். ஆர்டியில் ஸ்பின்லாக்_டி உள்ளே ஆர்டி-மியூடெக்ஸ். பூட்டை வைத்திருக்கும் 50-க்கு 80-ஐக் கடன் கொடுத்து முடிக்கவைக்கும்.

ரா_ஸ்பின்லாக் (ஆர்டியிலும் தூங்காத பூட்டு) பக்கம் போகாதீர்கள். அதற்குள் கேஃப்ரீ அழைத்தால் ஆர்டியில் "ஸ்லீப்பிங் ஃபங்ஷன்" எச்சரிக்கை வரும். டீபக்_அட்டாமிக்_ஸ்லீப் கான்ஃபிக்கைச் சோதனை பில்டில் எப்போதும் போட்டு வையுங்கள்.

பழைய_யூஆர்ட்:

திருத்தும் முன் பழைய டிரைவரிலேயே விரைவாக விழவைத்துப் பாருங்கள். ஃபிஃபோ 80-இல், அதே கோரில், 997 மைக்ரோ செகண்டுக்கு ஒருமுறை விழித்து அளவை 16, 32 என்று மாற்றும் சிறு நிரல். இன்டரப்ட் 1000-இல் வருவதால் சுற்றுக்கு 3 மைக்ரோ செகண்ட் நகரும். சுமார் 333 சுற்றில், அதாவது மூன்றில் ஒரு செகண்டில், இன்டரப்ட் இடைவெளி முழுவதையும் ஒருமுறை தடவிவிடும். பழைய டிரைவர் சில நிமிடங்களில் விழ வேண்டும், புதியது இரவு முழுக்க நிற்க வேண்டும். பழையது விழவில்லையென்றால் புதியது நின்றதும் கணக்கில் சேராது.

டிரைவரை இறக்கும் வழியையும் ஒருமுறை பாருங்கள். ஃப்ரீ_ஐஆர்க்யூவுக்கு (ஹேண்ட்லரை நீக்குவது) முன்பே பஃபரை விடுவிக்கும் வரிசை அங்கேயும் இருக்கக்கூடும்.