சாலையை மாற்றி அமைத்தார்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

மஞ்சள்கோடு

நானே தொடங்கிவிடுகிறேன். இது பழைய அமைப்பில் நடந்தது. திசைக்கு இரண்டு லேன், நடுவில் வெறும் கோடு, சிக்னல் இல்லாத ஜீப்ரா கிராசிங். அந்த மாதிரி கிராசிங்கை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

நான் பஸ்ஸில் முன் சீட்டில் இருந்தேன். ஓரத்தில் ஒரு பெண், கூடவே ஐந்தாறு வயதுப் பையன். டிரைவர் வண்டியை நிறுத்தி, கையைக் காட்டி, "போங்கம்மா" என்றார். அவர் நன்றியாகத் தலையசைத்துவிட்டு பஸ்ஸுக்கு முன்னால் நடந்தார். பையன் ஓரடி முன்னால். பஸ்ஸைத் தாண்டி அடுத்த லேனில் கால் வைக்கும் நேரத்தில் வலப்பக்கம் ஒரு பைக் வந்தது. வேகம் குறையவே இல்லை. பஸ் மறைத்ததால் இவர்களை அவனுக்குத் தெரியவில்லை, அவனை இவர்களுக்கும் தெரியவில்லை. அம்மா பையனின் ஸ்கூல் பையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். பையின் வார் அறுந்தது. பையன் மல்லாந்து விழுந்தான். பைக் போய்விட்டது.

யாருக்கும் அடியில்லை. ஆனால் எங்கள் டிரைவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, "நான் நிறுத்தாமலே போயிருக்கணும்" என்றார். ஒரு மனிதர் மரியாதைக்கு நிறுத்தியது ஏன் ஆபத்தாக முடிய வேண்டும்?

இப்போது அங்கே திசைக்கு ஒரு லேன், நடுவில் ஒதுங்கி நிற்க ஒரு மேடு. "லேனைக் குறைத்து நெரிசல் ஆக்கிவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த அறுந்த வார்தான் கண்ணில் நிற்கிறது. உங்களுக்கும் அப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

நாலுவழி

அப்படிச் சொல்லும் ஆசாமிகளில் நானும் ஒருவன், அதனால் என் சம்பவத்தையும் கேளுங்கள்.

புது டிவைடர் கல் முழங்கால் உயரம். இடப்பக்கம் சைக்கிள் பாதைக்கு வரிசையாகக் கம்பம் நட்டிருக்கிறார்கள். முன்னால் பஸ், ஆள் ஏற்றிக்கொண்டிருக்கிறது. என் காருக்குப் பின்னால் ஆம்புலன்ஸ். கண்ணாடியில் அந்த டிரைவரின் முகம் தெரிகிறது. ஹாரன் கூட அடிக்கவில்லை, என்னால் எதுவும் முடியாது என்று அவருக்கும் தெரியும். உள்ளே இருந்த ஒருவர் இறங்கி ஓடிவந்து என் ஜன்னலைத் தட்டி, "சார், வண்டியை எங்கேயாவது ஓரமா ஏத்துங்க" என்றார்.

எங்கே ஏற்றுவது? அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. மஞ்சள்கோடு சொன்ன பையன் எழுந்து நடந்து போனான், நல்லது. ஆம்புலன்ஸில் இருந்தவர் என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது.

டெல்லியில் 2008ல் சாலையின் நடுவே பஸ்ஸுக்குத் தனிப்பாதை போட்டார்கள். கார்காரர்கள் கொதித்தார்கள், 2016ல் உடைத்து எடுத்துவிட்டார்கள். போடுவதற்கு முன் யோசித்திருந்தால் இரண்டு செலவும் மிச்சம்.

ரெண்டுசக்கரம்

சைக்கிள் பாதை வந்ததும் முதலில் சந்தோஷப்பட்டவன் நான். சண்டை போட்டவனும் நான்தான்.

பாதை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு வேன், பின்கதவு திறந்து கிடக்கிறது. மணி அடித்தேன், கத்தினேன். வேனுக்குப் பின்னாலிருந்து ஒருவர் வாஷிங்மெஷினை முதுகில் சாய்த்தபடி எட்டிப் பார்த்தார். "தம்பி, எனக்கு எங்க இடம் வெச்சிருக்காங்க, காட்டு. அங்க நிறுத்துறேன்." நான் நிஜமாகவே சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தேன். கம்பம், கம்பம், பூந்தொட்டி, பஸ் நிறுத்தம், கம்பம். ஒரு வண்டி நின்று சரக்கு இறக்க அந்த நீளம் முழுவதும் ஓர் இடம் இல்லை.

அப்புறம் என்ன, சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு மெஷினின் மறுபக்கத்தைப் பிடித்தேன். நடைபாதை விளிம்பில் ஏற்றும்போது அவர் விரல் நசுங்கியது. கோபமாக வந்த எனக்கு யாரிடம் கோபப்படுவது என்றே தெரியாமல் போய்விட்டது, அதுதான் இன்னும் அரிக்கிறது.

டெப்போவாசி

மஞ்சள்கோடு எழுதிய டிரைவர் நானில்லை, ஆனால் நானாகவும் இருக்கலாம். பஸ் ஓட்டுகிறேன். திசைக்கு இரண்டு லேன் இருக்கும் இடத்தில் யாருக்கும் நான் கைகாட்டுவதில்லை. நிறுத்துவேன், கை காட்டமாட்டேன். என் கைக்கு என் லேன் மட்டும்தான் கட்டுப்படும். இதைப் புதிதாக வரும் பையன்களுக்கும் சொல்லித் தருகிறோம்.

நாலுவழி ஐயா, உங்கள் முன்னால் நின்ற பஸ்ஸுக்குத் தனி லேன் கொடுத்திருந்தால் ஆம்புலன்ஸ் அதில் போயிருக்கும். ஆம்புலன்ஸ் என் பஸ் லேனில் வரும்போது நான் அடுத்த நிறுத்தம் வரை வேகமாகப் போய் ஒதுங்கி வழிவிடுவேன். ஆம்புலன்ஸ்காரர்களுக்கு அது பழக்கம்.

கணக்குப்பிள்ளை

சாலை வடிவமைப்பில்தான் பிழைப்பு. என் சம்பவம் சின்னது. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். திரையில் வரைபடம், 24 மீட்டர் அகலச் சாலை, நடப்பவர்களுக்குப் பச்சை விளக்கு 20 வினாடி. ஊன்றுகோலோடு ஒரு பெரியவர் எழுந்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. மண்டபத்தின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு நடக்கத் தொடங்கினார். "எண்ணுப்பா" என்றார். கூட்டமே சத்தமாக எண்ணியது. இருபது வந்தபோது அவர் மேடைக்கு நேர் எதிரே நின்றார். அங்கேயே திரும்பி, "இப்ப பஸ் வருமா, லாரி வருமா?" என்றார்.

சரி, இப்போது மற்றவர்களுக்கு.

அந்த 20 வினாடி எங்கிருந்து வந்தது? ஆள் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று பழைய கையேடுகள் எடுத்துக்கொள்ளும். 24ஐ 1.2ஆல் வகுத்தால் 20. அமெரிக்கக் கையேடு 2009ல் அதை 1.07 ஆகக் குறைத்தது. பெரியவர் நடந்தது சுமார் 0.8, அவருக்கு 30 வினாடி வேண்டும். நடுவில் மேடு வைத்தால் ஒரு மூச்சில் 12 மீட்டர் கடந்தால் போதும், அதற்கு 15 வினாடி. மேட்டின் மதிப்பு இதுதான்.

நாலுவழிக்கு: நடுவில் டிவைடர் இல்லாத நாலு லேனை மூன்றாக்கி, நடு லேனை இரு திசையிலிருந்தும் திரும்பும் வண்டிகளுக்கு விடுவது பழகிய முறை. அமெரிக்க மத்திய நெடுஞ்சாலைத் துறை இப்படி மாற்றிய சாலைகளில் விபத்துகள் 19 முதல் 47 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறது. நாளுக்கு சுமார் 20,000 வண்டி வரை இது பெரிய சிக்கலில்லாமல் தாங்கும். அதற்கு மேலே போனால் ஒவ்வொரு சந்திப்பையும் தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும். நடு லேன் காலியாக இருப்பதால் ஆம்புலன்ஸுக்கும் அதுதான் வழி. உங்கள் ஊரில் நடு லேனுக்குப் பதில் முழங்கால் உயரக் கல்லை வைத்தது யார் யோசனை என்று தெரியவில்லை. மேடு தேவையான இடத்தில் மேடு, மற்ற இடத்தில் சக்கரம் ஏறக்கூடிய தாழ்வான சரிவு விளிம்பு, இப்படி வரைய முடியும். கல்லைப் பெயர்த்துவிட்டு ஓரத்தைச் சரிவாக வைக்கச் சொல்லி எழுதுங்கள்.

வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். மணிக்கு 32 கிலோமீட்டரில் வரும் கார் நிற்க 12 மீட்டர் ஆகும், 48 கிலோமீட்டரில் 23 மீட்டர், இது பிரிட்டன் ஓட்டுநர் கையேட்டுக் கணக்கு. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. லேன் அகலத்தை மூன்றரையிலிருந்து மூன்று மீட்டராகக் குறைத்தாலே பலர் தானாக வேகத்தைக் குறைப்பார்கள். சந்திப்பு முனையின் வளைவைச் சிறிதாக்கினால் திரும்பும்போதும் குறைப்பார்கள். பலகை வைத்து யாரும் வேகத்தைக் குறைத்ததில்லை.

டெல்லி பற்றி: அந்த 5.8 கிலோமீட்டர் தனிப்பாதையில் பஸ்ஸில் போனவர்களைக் கேட்டீர்களா? மூன்று மீட்டர் லேனில் கார் போன்ற சொந்த வண்டிகள் மட்டும் போனால் மணிக்கு 600 முதல் 1,600 பேரைக் கொண்டுபோகும், அதையே பஸ்ஸுக்கு மட்டும் விட்டால் 4,000 முதல் 8,000 என்பது அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகள் சங்கத்தின் கணக்கு. கார்காரர்களின் கோபம் சத்தமாக இருந்தது, அவ்வளவுதான்.

ரெண்டுசக்கரத்துக்கு: சரக்கு இறக்கும் இடத்தை ஒவ்வொரு தெருப்பகுதியிலும் ஒன்றாவது ஒதுக்க வேண்டும், சைக்கிள் பாதைக்கு வெளியே. காலை நேரம் மட்டும் என்று பலகை வைத்து, மற்ற நேரம் வேறு பயனுக்கு விடலாம். அந்த இடத்துக்கு நேரே நடைபாதை விளிம்பைச் சரித்துவிடுங்கள், விரல் நசுங்காது.

நாலுவழி

ஒரு சம்பவம் சொல்லச் சொன்னால் முழு வகுப்பே எடுத்துவிட்டீர்கள். என் கேள்வி, ஆம்புலன்ஸுக்கு வழிவிட அன்று நான் காரை எங்கே ஏற்றுவது என்பது. "எழுதுங்கள்" என்றால், யாருக்கு? அவர்கள்தானே கல்லை வைத்தார்கள்? சத்தமாகக் கத்தினதால் டெல்லியில் உடைத்தார்கள் என்கிறீர்கள். அப்படியென்றால் சத்தமாகக் கத்துவதுதான் வழி என்று எனக்கு நீங்களே சொல்லித் தருகிறீர்கள்.

கணக்குப்பிள்ளை

அது நியாயமான அடி. ஆனாலும் பஸ்காரர்கள் கத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை, கூட்டம் வைப்பதும் வேலை நாள் பகலில்தான்.

புழுதி

நீங்கள் எல்லாம் கட்டி முடித்த சாலையைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்களுடையது பாதியில் கிடக்கிறது. நடைபாதையைத் தோண்டிவிட்டு தகரம் அடைத்தார்கள், நடப்பவர்கள் எங்கே போவது என்று யாரும் குறிக்கவில்லை. கர்ப்பிணிப் பெண் ஒருவர் தகரத்துக்கும் லாரிக்கும் நடுவே ஒருக்களித்து, வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு நகர்ந்ததைப் பார்த்தேன். வேலை நடக்கும்போது தற்காலிகமாகக் கூட ஒரு பாதை விடமாட்டார்களா? முடிந்த பிறகு எழுதுகிறேன், முடிந்தால்.

வெண்கோல்

பார்வை இல்லை, போன் படித்துக் காட்டியதைக் கேட்டுத்தான் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டேன். ரெண்டுசக்கரம் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பஸ் நிறுத்தத்தைச் சாலைப் பக்கம் தள்ளி, அதற்கும் நடைபாதைக்கும் நடுவே சைக்கிள் பாதையை விடுகிறார்களே, அது எங்கள் வழியில் வந்துவிட்டது. சைக்கிள்காரர் பஸ்ஸோடு மோத வேண்டாம், நல்ல யோசனைதான். ஆனால் பஸ் பிடிக்க நான் சைக்கிள் பாதையைக் கடக்க வேண்டும். காரை என்னால் கேட்க முடியும். சைக்கிளைக் கேட்க முடியாது.

பார்வையில்லாதவர்கள் காலால் உணர்ந்து நடக்கப் பதிக்கும் புடைப்பு ஓடு காலுக்கடியில் சரியாகத்தான் இருந்தது. ஓடு முடிந்தது, கோலை நீட்டினேன், சடக் என்று சத்தம். கோல் கையில் பாதிதான் இருந்தது. சக்கரக் கம்பிகளில் மாட்டிக்கொண்டுவிட்டது. அந்தப் பையன் விழவில்லை. இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டான், உடைந்த துண்டை என் கையில் வைத்தான். பிறகு அவனே, "அக்கா, இனிமேல் நீங்க எப்படிப் போவீங்க?" என்றான். அதற்குள் பஸ் வந்தது. டிரைவர் இறங்கி வந்து ஏற்றிவிட்டார். துண்டு கோலோடு நான் பஸ்ஸில் உட்கார்ந்தபோது அந்தப் பையன் ஜன்னலுக்கு வெளியே இன்னும் நின்று, "சாரிக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. அவனுக்கு ஆறுதல் சொல்லாமல் போய்விட்டேனே என்று இருக்கிறது, அவ்வளவுதான்.

ரெண்டுசக்கரம்

கோபமே இல்லை. ஒன்று சொல்கிறேன். அந்த இடத்தில் நாங்கள் எல்லோரும் மணி அடித்துக்கொண்டே போகும்படி ஒரு பலகை வைத்தால்? இல்லாவிட்டால் நடைபாதை உயரத்துக்கு ஜீப்ரா மேடையைத் தூக்கி, சைக்கிள் ஏறி இறங்கும்படி செய்தால் வேகம் தானாகக் குறையும். கூடவே நிறத்தையும் மாற்றி, நிறுத்தத்துக்குப் பத்து மீட்டர் முன்பே பாதையைக் கொஞ்சம் வளைத்துவிட்டால் யாரும் நேரே பாய முடியாது. நானே படம் வரைந்து அனுப்புகிறேன். உங்களைப் போல இருப்பவர்கள் கோலில் சின்ன மணி கட்டிக்கொண்டாலும் எங்களுக்குக் கேட்கும்.

டெப்போவாசி

கோலில் மணியா? தம்பி, கொஞ்சம் நிதானம்.

வெண்கோல்

மேடை யோசனை நல்லது, அதை எடுத்துக்கொள்கிறேன். மணியை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள், சைக்கிளில் ஏற்கனவே ஒன்று இருக்கிறது. பலகை வைத்தால் எனக்கு என்ன பயன் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை சாருக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த கூட்டத்துக்கு வரைபடத்தை ஸ்கிரீன் ரீடர் படிக்கிற மாதிரி எழுத்தாக அனுப்பச் சொல்லி நான் மனு போட்டேன். பதிலுக்கு வந்தது இன்னொரு படம். எந்த மீட்டரில் நிறுத்தம், எந்த மீட்டரில் கடவு, ஓடு எங்கே முடிகிறது, இதை வரிகளாக எழுதித் தர எவ்வளவு நேரம் ஆகும்?

கணக்குப்பிள்ளை

ஒரு மாலை போதும். வரைபடத்தின் பெயரை அனுப்புங்கள்.